எழுத்துக் கரை போட்ட தொப்பி

மைமூன் மறுபடியும் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அவித்த அவரையை மரக்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்த தரீஃபாவின் கை நின்றது. முதல் தடவை பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டு மாதக் குழந்தை தலையில் எதை வைத்தாலும் பிடுங்கி எறியும். இவன் எறியவில்லை. இரண்டு கைகளாலும் தொப்பியின் கரையைப் பிடித்து, நெற்றியிலிருந்து புருவத்துக்கும் புருவத்திலிருந்து கண்ணுக்கும், குளிரில் பெரியவர்கள் போர்வையை இழுப்பதுபோல நிதானமாக இழுத்தான். சிவப்புப் பட்டுக் கரை கண்களை மூடியதும் கைகளை உடம்போடு ஒட்டி நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். அசைவே இல்லை.

அழவும் இல்லை. கம்ஸீன் என்ற பாலைவன மணற்காற்று தொடங்கிய நாளிலிருந்து எகிப்தின் மிஸ்ர் நகரமே இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருந்தது. வெயில் எங்கேயோ மேலே மஞ்சள் கறையாகத் தெரிந்தது. நடுப்பகலில் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. சன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டும் மணல் உள்ளே வந்து ரொட்டியிலும் தண்ணீர்ச் சாடியிலும் பல்லிடுக்கிலும் நெறுநெறுத்தது. அந்தத் தெருவில் இருந்த எல்லாக் குழந்தைகளும் வீறிட்டுக்கொண்டிருந்தன, இவனைத் தவிர.

அவள் எழுந்து போய்த் தொப்பியை மேலே தூக்கிவிட்டாள். மைமூன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தான். பிறகு மறுபடியும் கரையைப் பிடித்து இழுத்தான்.

தொப்பியை வாங்கிக்கொண்டு வந்தவன் அவள் கணவன் மஹ்ரூஸ். பழைய துணி வாங்கி விற்பவன். துணிக் கடைத்தெருவின் கடைக்கோடியில், கழுதைகளைக் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அவனுடைய சின்னக் கடை இருந்தது. செத்துப்போன எழுத்தர்களின் அங்கிகளும் நொடித்துப்போன வீட்டுப் பெண்களின் முக்காடுகளும் மூட்டையாக வந்து இறங்கும். அவற்றைத் துவைத்து, கறை எடுத்து, கந்தகப் புகை காட்டி வெளுத்துக் கொடுப்பது தரீஃபாவின் வேலை. எந்தத் துணி வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரும்.

இந்தத் தொப்பி மட்டும் வரவில்லை. அவனே நேராகக் குழந்தையின் தலையில் மாட்டினான். வெள்ளை லினன் தொப்பி. அதன் ஓரத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டுக் கரை. கரை முழுக்க மஞ்சள் பட்டில் எழுத்துகள். கலீஃபாவின் பெயர், அவருக்கு இறைவனின் அருளும் வெற்றியும் வேண்டும் என்ற வாசகம், மறுபடியும் அவர் பெயர். எழுத்துகளுக்கு நடுவில் சின்னச் சின்ன வாத்துகள். அரண்மனைக்காகவே நெய்கிற தறிகளில் வந்த பட்டு. தரீஃபாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாசகத்தின் உருவம், நாணல்கள்போல் நிமிர்ந்து நிற்கிற கோடுகளும் அடியில் படகுபோல் வளைகிற கோடும், அவளுக்கு மனப்பாடம்.

"துர்ராவுக்குக் கட்டினோமே, அதே மாதிரி இருக்குல்ல?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"இதே மாதிரி ஆயிரம் இருக்கு தரீஃபா. பெருநாளுக்குப் பெருநாள் அரண்மனையிலேர்ந்து மூட்டை மூட்டையா அங்கி குடுக்கறாங்க. எல்லாத்துலயும் இதே எழுத்து, இதே வாத்து."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"தறிக்காரங்க ஊரு தின்னீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்தான்."

"சரி, குடுங்க. ஒரு தண்ணில அலசிடறேன்."

"வேணாம்" என்றான் சட்டென்று. பிறகு சிரித்தான். "சாயம் ஓடிடும்."

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கரைகளை அவள் காரத்திலும் வெந்நீரிலும் போட்டு அடித்திருக்கிறாள். அரண்மனைச் சாயம் ஓடாது. லினன் நைந்து நூலாகப் போன பிறகும் பட்டில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இது அவனுக்கும் தெரியும். அவன்தான் கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே விற்கிறான்.

இரண்டு நாள் கழித்துப் பேச்சுவாக்கில் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அது ஒரு நண்பன் கொடுத்த அன்பளிப்பாக மாறியிருந்தது.

குழந்தையை மடியில் போட்டு அவள் தொப்பியில் மூக்கை வைத்து மோந்தாள். பால், வியர்வை, மணல். அதற்கெல்லாம் அடியில், குளிர்ந்து, கூர்மையாக, கற்பூரம்.

கற்பூரம் அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. மையித்தை, செத்த உடலை, குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கலக்க.

*

"அடியே உம்மு துர்ரா! கதவத் திற!"

ஒரு மாடி கீழே இருக்கிற உம்மு ஹிலாலின் குரல். மைமூன் பிறந்த பிறகு தெருவே தரீஃபாவை 'உம்மு மைமூன்', மைமூனின் தாய், என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. மகன் பிறந்தால் தாய்க்கு மகன் பெயர்தான். இந்தப் பெண்மணி மட்டும் செத்துப்போன மகளின் பெயரை வைத்தே இன்னும் கூப்பிட்டாள். அன்பா, குத்தலா என்று தரீஃபாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"படிச் சுவத்துல மாவுக் கையைத் தேய்ச்சுட்டுப் போறது யாரு? சுண்ணாம்பு அடிச்சது நானு, அழுக்குப் பண்றது உங்க வீடா?"

"எங்க வீட்டுல யாரு மாமி இருக்கா? இவன் இன்னும் தவழவே இல்ல."

"அப்ப நான் தேய்ச்சேனா? வந்து பாரு."

படிக்கட்டில் எப்போதும் இருட்டுதான். உம்மு ஹிலால் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். சுவரில் இடுப்புக்குக் கீழே, நீளமாக, விரல் அகலக் கோடுகள் நாலு. பொடியான வெள்ளை எதுவோ ஒட்டிய கை சுவரைத் தடவிக்கொண்டே ஏறியதுபோல. வாசலில் தொடங்கி மாடி மாடியாக வந்து, உம்மு ஹிலால் வீட்டுத் திருப்பத்தில் நின்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை முழுசாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை.

சின்னக் கை.

"நேத்து ஒரு மாடி கீழதான் இருந்துச்சு. நான் துடைச்சேன்" என்றாள் உம்மு ஹிலால். பிறகு குழந்தையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அவர் கொண்டுவந்தார்."

"கேக்கறதுக்குப் பயமா இருந்தா நான் கேக்கறேன். கராஃபா கபுர்ஸ்தான்ல ராவோட ராவா குழியைத் தோண்டறவனுங்க இருக்கானுங்க. மையித்துக் கண்ணுக்கு மேல கட்டின பட்டுத்துணியை உருவிட்டு வந்து விப்பானுங்க. உன் வீட்டுக்காரன் மாதிரி ஆளுங்கதான் வாங்குவாங்க."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமி."

"இருக்கேன், இருக்கேன். எனக்கென்ன. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மையித்துக் கண்ணுமேல எழுத்தை எதுக்குக் கட்டறோம்? அது அந்த எழுத்தைப் பார்த்துக்கிட்டே அமைதியாத் தூங்கட்டும்னுதான். எழுத்தை எடுத்துட்டா அதுக்குத் தூக்கம் போயிடும். தூக்கம் போச்சுன்னா வீட்டு ஞாபகம் வந்துடும்." அவள் குனிந்து முந்தானையால் சுவரைத் துடைத்தாள். விரலை மோந்து பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

தரீஃபா படியிலேயே நின்றாள். காலுக்குக் கீழே இருட்டு. தெருவாசலில் காற்று புகுந்து ஓர் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. வெறும் காற்றுதான்.

துர்ராவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் நோய். ஒவ்வொரு காலையிலும் இமைகள் சீழ் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். தரீஃபா வெந்நீரில் பஞ்சை நனைத்து மெல்ல மெல்ல ஒற்றி எடுப்பாள். திறந்த பிறகும் பாதிதான் தெரியும். அதனால் அந்தக் குழந்தை படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகும். சர்ர்... சர்ர்... என்று ஒரு சத்தம். திருப்பம் வந்தால் சுவர் எங்கே முடிகிறது என்று பார்க்க இரண்டு தட்டு தட்டும். தட், தட். அந்தச் சத்தத்தைக் கேட்டே தரீஃபா அடுப்பிலிருந்து எழுந்து கதவைத் திறந்து வைப்பாள்.

போன வருடக் காய்ச்சலில் அது நின்றுபோனது.

*

அன்று மஹ்ரூஸ் வீடு திரும்பியதும் அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"தோண்டறவன்கிட்ட வாங்கினீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க."

அவன் தலைப்பாகையைக் கழற்றி மணலை உதறினான். "கீழ்வீட்டு உம்மு ஹிலால் காதுல ஓதினாளா? அவளுக்கு அவ புருஷன் ஓடிப்போனதுலேர்ந்து உலகத்துல எந்த ஆம்பளையும் யோக்கியன் இல்ல."

"பதில் சொல்லுங்க."

"உன் தலைமேல சத்தியம். மைமூன் தலைமேல சத்தியம். எந்தத் தோண்டறவன்கிட்டயும் நான் எதுவும் வாங்கல."

அவன் கண் அவளை நேராகப் பார்த்தது. பொய் சொல்கிறபோது மஹ்ரூஸுக்குக் காதுமடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறான். ஆனால் ஏதோ ஒன்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய், அதைத் தொடாமல் சொல்கிறான்.

அவன் குழந்தையைத் தூக்கினான். தொப்பி மேலே ஏறியிருந்தது. அதைச் சரிசெய்வதுபோல, புருவம் வரை, மிகவும் பதமாக இழுத்துவிட்டான். "கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டான் மெதுவாக. "காலையில ஒட்டியிருந்துச்சா?"

"இல்ல."

"பார்த்தியா" என்றான். அந்த ஒரு சொல்லில் இருந்த நிம்மதியைக் கேட்டு அவளுக்குக் குளிரெடுத்தது.

மைமூனுக்கு ஒரே ஒரு காலையில்தான் இமை ஒட்டியிருந்தது. மறுநாள்தான் தொப்பி வந்தது. இரண்டையும் இதுவரை அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

*

மறுநாள் காற்று உச்சத்தில் இருந்தது. நண்பகல் தொழுகைக்கு அழைக்கிற குரல்கூட மணலில் புதைந்து அரைகுறையாகத்தான் வந்தது. அறைக்குள் விளக்குச் சுடர் மஞ்சள் காற்றில் ஒடுங்கி, சுவரில் சாடியின் நிழலையும் துணி மூட்டையின் நிழலையும் தொட்டிலின் நிழலையும் பெரிதாக ஆட்டிக்கொண்டிருந்தது. சன்னல் ஈரத்துணி காய்ந்து விறைத்துப் பலகைபோல் தட்டியது. அந்தத் தட்டல் ஒவ்வொன்றுக்கும் தரீஃபாவின் தலை கதவுப்பக்கம் திரும்பியது.

தொட்டிலில் மைமூன் கண்ணை மூடிய தொப்பியோடு கிடந்தான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சிரித்தான். யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல, சத்தம் போட்டு. முகம் இடப்பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம். அறைக்குள் நடமாடுகிற ஒருவரை மூடிய கண்ணாலேயே பின்தொடர்வதுபோல.

அவள் தொப்பியைக் கழற்றினாள். அவன் வீறிட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த அழுகை. அழட்டும் என்று விட்டுவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து, சிறு கத்திமுனையால் கரையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

தையல் கெட்டித் தையல். கடைத்தெருத் தையல்காரன் வேலை. கரையின் ஒரு முனையை நன்றாக உள்ளே மடித்து, வெளியே தெரியாமல் இரட்டையாகத் தைத்திருந்தான். நல்ல பட்டை எதற்கு இவ்வளவு மடித்து வீணாக்க வேண்டும்? பழைய துணிக்காரன் அரை விரல் பட்டைக்கூட விடமாட்டான். எதையோ மறைக்கத்தான் மடித்திருக்கிறது.

ஒவ்வொரு நூலாக அறுத்தாள். மடிப்பு விரிந்தது.

ஒரு வாத்து. அதன் வயிற்றில் பூச்சி அரித்த ஓட்டை. அந்த ஓட்டையை யாரோ அடைத்துத் தைத்திருந்தார்கள். மஞ்சள் நூல் கிடைக்காமல் பச்சை நூலில். கோணலாக.

அது அவளுடைய தையல்.

அரண்மனைப் பண்டகசாலையில் தையல்காரராக இருந்த மாமனாருக்கு ஒரு பெருநாளில் கிடைத்த அங்கி அது. அதன் ஒரு கையின் கரை அவரோடு கபுருக்குப் போனது. இன்னொரு கையின் கரையை அவள் ஓட்டை அடைத்து, துவைத்து, பெட்டியில் வைத்திருந்தாள். துர்ராவைக் குளிப்பாட்டி கஃபன் துணி சுற்றியபோது அதை எடுத்துத் தன் கையாலேயே அந்த மூடிய இமைகளின்மேல் வைத்துக் கட்டினாள். பச்சை நூல் காதோரம் வரும்படி. எழுத்து கண்ணுக்கு நேராக வரும்படி. உலகத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய அருள், பரக்கத் என்று அன்றைக்கு அதை மட்டும் நினைத்துத்தான் அவள் மூச்சு விட்டாள்.

காற்று கதவை இடித்தது. கதவு திறந்தது. மஹ்ரூஸ். கடைத்தெருவைச் சீக்கிரம் அடைத்துவிட்டார்கள் என்று சொல்ல வாய் திறந்தவன், அவள் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என் பொண்ணு கபுரைத் தோண்டினீங்களா?"

"இல்ல."

"பொய்!"

"தோண்டல தரீஃபா." அவன் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "அது கபுருக்குள்ள இருக்கவே இல்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொம்பளைங்க நீங்கள்லாம் தூரத்துல நின்னீங்க. நான்தான் குழிக்குள்ள இறங்கினேன். முகத்தைக் கிப்லா பக்கம் திருப்பி வெச்சு, கஃபன் முடிச்சை அவுத்துவிடணும்ல? அவுத்தேன். அவுக்கும்போது... இதையும் எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்."

"ஏன்?"

"அப்பவே உன் வயித்துல இவன் இருந்தான்." அவன் தொட்டிலைப் பார்த்தான். "மண்ணுக்குள்ள போற பிள்ளைக்கு இனி என்ன வரப்போகுது? வரப்போற பிள்ளை கண்ணாவது நல்லா இருக்கட்டுமேன்னு நினைச்சேன். கலீஃபாவோட பேரு போட்ட பட்டு. ஒண்ணே ஒண்ணுதான் நம்மகிட்ட இருந்துச்சு. இவனுக்கு இமை ஒட்டினதும் பயந்துட்டேன். நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"அவ கண்ணுக்கு என்ன கட்டினீங்க?"

அவன் கதவடியில் சேர்ந்திருந்த மணலை விரலால் தள்ளினான்.

"வேற துணி கட்டினீங்கல்ல?"

"ஆளுங்க மேலேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க. நேரம் இல்ல."

தொட்டிலில் குழந்தை விசும்பியது. பிறகு அவன் எழுந்தான். தலைப்பாகையை மூக்கைச் சுற்றிக் கட்டினான். "கழுதை பிடிச்சுக்கிட்டு, குழி தோண்டற பெரியவரைக் கூட்டிக்கிட்டு வரேன். இன்னிக்கே கொண்டுபோய் வெச்சிடலாம். நீயும் வா. உன் கையாலயே கட்டு."

"சீக்கிரம் வாங்க."

அவன் செருப்புச் சத்தம் மாடி மாடியாக இறங்கிப் போய்க் காற்றில் கரைந்தது.

*

கரையில் இன்னும் ஒரு சாண் தொப்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தியை எடுத்தாள். விளக்கில் எண்ணெய் குறைந்து திரி பொரிந்தது. மஞ்சள் இருட்டு சன்னலிலிருந்து வழிந்து, தரை, பாய், தொட்டிலின் கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தது. கற்பூர மணம் தொப்பியிலிருந்து வருகிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது அது கதவிடுக்கு வழியாக வந்தது.

கீழே, மிகவும் கீழே, ஒரு சத்தம்.

சர்ர்...

மஹ்ரூஸ் திரும்பிவிட்டான். எதையோ மறந்துவிட்டான். சாக்குமூட்டை சுவரில் உரசுகிறது.

சர்ர்... சர்ர்...

தட், தட்.

கத்தி நூலிலேயே நின்றது.

அவசரம் இல்லாத ஏற்றம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகு அடுத்தது. சின்னக் கால்களுக்கு அந்தப் படிகள் உயரம்.

தட், தட். இன்னொரு மாடி.

"யாரது?" உம்மு ஹிலாலின் குரல், கீழே. "யாருடா படியில?" கதவு கொஞ்சம் திறக்கிற கிரீச். பிறகு எதுவும் இல்லை. பிறகு கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள். உள்ளே அவள் உரத்த குரலில் ஓதத் தொடங்கினாள். ஓதலுக்கு நடுவே குரல் விம்மியது.

தரீஃபா நூலை அறுத்தாள். விரலையும் அறுத்துக்கொண்டாள். தெரியவில்லை. இன்னும் நாலு தையல்.

சர்ர்...

மைமூன் அழுகையை நிறுத்தியிருந்தான். தலையைக் கதவுப்பக்கம் திருப்பி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசித் தையல். கரை தனியாக வந்தது. இரத்தம் பட்டுச் சிவப்பில் சிவப்பாக மறைந்தது.

தட், தட்.

இந்தத் தடவை சுவரில் இல்லை. கதவில். தாழ, அவள் இடுப்பளவுகூட இல்லாத உயரத்தில்.

எத்தனை மாலைகள் அந்தத் தட்டலுக்கு ஓடிப்போய்த் திறந்திருக்கிறாள். கால் தானாக எழுந்தது. கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது. இரும்பு குளிர்ந்திருந்தது.

"துர்ரா?"

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது. எதையோ தேடி.

"கண்ணு ஒட்டியிருக்காம்மா?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

தடவல் நின்றது.

அவள் திறக்கவில்லை. தொட்டிலில் ஒருவன் இருக்கிறான். திறக்கக்கூடாது. மண்டியிட்டாள். கரையின் ஒரு முனையைக் கதவடி இடுக்கில் வைத்து, மெல்லத் தள்ளினாள். "இந்தாம்மா. உன்னோடதுதான். உம்மா வேணும்னு எடுக்கல. கட்டிக்கிட்டுத் தூங்கு. போ கண்ணே. போ."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டு இறுகியது. அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார்கள். பிடுங்கவில்லை. பதமாக, நிதானமாக, நெற்றியிலிருந்து புருவத்துக்கு இழுப்பதுபோல. ஒரு வாத்து போனது. எழுத்துகள் போயின. அடுத்த வாத்து. கடைசியாகப் பச்சை நூல் கதவுக்கு அடியில் நழுவி மறைந்தது.

அமைதி.

சர்ர்... இறங்குகிறது.

தரீஃபா கதவில் நெற்றியை வைத்து அழுதாள். சத்தமில்லாமல். பயத்திலா, பிள்ளையை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிய துக்கத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. போகட்டும். கொடுத்தாகிவிட்டது. இனிமேல் தூங்குவாள்.

சர்ர்... சர்ர்... தட், தட்.

உம்மு ஹிலாலின் மாடித் திருப்பம். அங்கே அது நின்றது. போகவில்லை. யாருக்காகவோ காத்திருப்பதுபோல.

அப்போதுதான் இன்னொன்று கேட்டது.

முதல் கைக்கு ரொம்பக் கீழே. தரையை ஒட்டி. சுவரில் வழுக்கி, விட்டு, மறுபடியும் பிடித்து, தாளமே இல்லாமல். ஒரு படி. தடுமாற்றம். இன்னொரு படி. நடக்கப் பழகாத கால்.

தட். கொஞ்சம் தாமதித்து, தட்.

பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கின.

பூனை, என்று நினைத்தாள். உம்மு ஹிலாலின் பூனை. நினைத்துக்கொண்டே திரும்பினாள். தொட்டில் அசையாமல் இருந்தது. அவன் அதில்தான் இருந்தான். மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி நீட்டிக்கொண்டு. தலையில் தொப்பி இல்லை. கரை இல்லாத வெறும் லினன் விளக்கடியில் கிடந்தது.

ஆனாலும் அவன் கண்களுக்கு மேல் சிவப்பாக ஏதோ இருந்தது.

விளக்கை எடுத்துக் குனிந்தாள். தொட்டாள். பட்டு இல்லை. தோல். சூடான, மெல்லிய இமைத்தோல். ஒரு காதிலிருந்து மறு காதுவரை இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு. அதன்மேல் மஞ்சளாக எழுத்துகள். நடுவே வாத்துகள்.

சாடியில் துணியை நனைத்தாள். மெல்ல ஒற்றினாள். பிறகு அழுத்தித் துடைத்தாள். பிறகு தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. அரண்மனைச் சாயம் ஓடாது.

"மைமூன்" என்றாள். "மைமூன். கண்ணைத் திற."

கீழே, தெருவாசலில், காற்றுக்குள், தட், தட்.

அவள் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். படிக்கத் தெரியாதவளுக்கும் அந்த வாசகத்தின் உருவம் மனப்பாடம். நிமிர்ந்த நாணல்கள் எந்தப் பக்கம், படகு வளைவு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். இமைகளின்மேல் இருந்தவை எல்லாமே இடவலம் மாறித் திரும்பியிருந்தன. வெளியிலிருந்து பார்க்கிறவளுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல மாறி. மூடிய இமைக்கு உள்ளிருந்து படிக்கிறவருக்கு நேராக.